மூடிய கை

ஜூலை 22, சனி

பெண்கள் லீக் ஆட்டத்தில் நான்கு புள்ளியில் தோற்றோம். என் கடைவாய்ப் பல் ஒன்றின் முனை போய்விட்டது. அடித்தவள் ரோனி. முன்பின் தெரியாதவள் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் என் காரில் ஏறி வந்து, காரட் கொட்டகையில் என் பக்கத்திலேயே நின்று கோணல் காரட்டைப் பொறுக்கிப் போடும் அதே ரோனி. சனிக்கிழமை மட்டும் எதிரணி. பந்தைத் தட்டிவிடத் திரும்பினேன், அவள் அடி தாடையில் இறங்கியது. நடுவர் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை லீக் குழுவின் விசாரணை.

ஜூலை 24, திங்கள்

காரில் ஏறியதும் மன்னிப்புக் கேட்டாள். மெல்ல வேண்டாமென்று எனக்குப் பூசணி சூப் செய்து கொண்டுவந்திருந்தாள். சிரித்தேன், வலித்தது.

எங்கள் பயிற்சியாளர் பேட்ஸி போன் செய்தாள். "நாளைக்கு உன்னைக் கேட்டா ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. அவ்வளவுதான்." இது ஒன்றும் புதிதில்லை. இந்தக் கடற்கரையில் அடி வாங்கிய எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை மறதி வந்துவிடும். மூக்கு உடைந்தபோது என் அண்ணனுக்கும் வந்தது.

ஜூலை 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

குழுத் தலைவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: கை விரிந்திருந்ததா, மூடியிருந்ததா? விரிந்த கை என்றால் எச்சரிக்கையோடு போயிருக்கும். "மூடித்தான் இருந்தது" என்றேன். ரோனி என்னைப் பார்க்கவில்லை. ஒரு ஆட்டம் தடை.

ஒரு ஆட்டம்தானே என்று விட முடியாது. தடை வாங்கியவளுக்கு அந்த வருடம் பதக்கம் கிடையாது. லீக் பதக்கம் நன்றாக ஆடினவளுக்கு மட்டும் இல்லை, சுத்தமாக ஆடினவளுக்கு. இந்த வருடம் அதற்கு இரண்டு பேர் பெயர்தான் அடிபட்டது. அவள், நான்.

இன்னொன்று. நான் அந்தக் கையைப் பார்த்தேனா? பந்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஜூலை 26, புதன்

காரில் வந்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ரோனி மதிய ஷிப்டுக்கு மாறிவிட்டாள். பெல்ட்டில் என் பக்கத்தில் யாரோ புதுப் பெண், நல்ல காரட்டையும் சேர்த்துத் தள்ளுகிறாள்.

பயிற்சிக்குப் போனால், உடைமாற்றும் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. என் அணிப் பெண்களேதான். பேட்ஸி மட்டும் நேரே சொன்னாள். "நீ பதக்கத்துக்காகத்தான் சொன்னேன்னு பேசிக்கிறாங்க. அப்படி இல்லைன்னு நான் சொல்லிட்டுத் திரியறேன். நான் சொல்றது நிஜம்தானே?"

வீட்டுக்கு வந்து எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்:

எனக்கு முப்பத்து நாலு வயசு. ரெண்டு முழங்காலும் போச்சு. இதுதான் கடைசி வருஷம். பதக்கத்து மேல ஆசை இருந்துச்சா? இருந்துச்சு. பதினஞ்சு வயசுலேர்ந்து இருக்கு. அதுக்காகவா சொன்னேன் — தெரியல. பல்லு வலில சொன்னேனா — அதுவும் தெரியல.

ஆகஸ்ட் 19, சனி

ஜெயித்தோம். இரண்டு கோல் போட்டேன். முதுகில் தட்ட ஒருத்தியும் வரவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

பதக்க விருந்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவர்கள் சிறப்பாக ஆடிய மூன்று பேருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று வாக்குப் போட்டு உறையில் வைத்து ஒட்டியிருப்பார்கள். இன்றுதான் பிரித்து வாசித்தார்கள். தடை வாங்கியவளின் வாக்குகளையும் வாசிப்பது வழக்கம், பரிசுக்கு மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரோனிக்கு இருபத்தொன்று. எனக்குப் பதினெட்டு.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடைக்குப் போய்ச் சேருவதற்குள் கைதட்டல் ஓய்ந்துவிட்டது. கழுத்தில் பதக்கத்தோடு திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ரோனியின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வாக்கும் நான் வாங்கியதுதான், ஆனாலும் திருடி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

செப்டம்பர் 9, சனி

பதக்கத்தை எடுத்துக்கொண்டு ரோனி வீட்டுக்குப் போனேன். பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இது உன்னுடையது என்று நீட்டினேன். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. நான் உன் கையைப் பார்க்கவே இல்லை, பார்த்ததுபோல் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன்.

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள்.

"கை மூடித்தான் இருந்துச்சு, மெரின். நீ சொன்னது சரிதான்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா நீ என் பல்லை உடைச்சிருந்தா, எனக்கு ஞாபகம் இருந்திருக்காது."

அடுத்த சட்டையை எடுத்தாள். நான் பதக்கத்தோடு காருக்குத் திரும்பினேன்.

செப்டம்பர் 11, திங்கள்

ரோனி ஷிப்டு மாறி ஐந்து வாரமாகியும், காலையில் அவள் தெருவைச் சுற்றித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஒருவேளை வாசலில் நிற்பாளோ என்று. இன்று நேர்ச்சாலையில் போனேன். பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டேன். கொட்டகை திறக்கும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.