எஞ்சினை நிறுத்தச் சொன்ன கை

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சுகிறார்கள். பேரப்பிள்ளைக்குக் காதுவலியாக இருக்கும். அந்த மணம் சன்னல் வழியாக வந்ததும், நான் என்னை அறியாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்தேன். நீ கரண்டியோடு வருவாய் என்று என் காது நினைத்துக்கொண்டது.

இதை எழுதுவது நான்தான். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. உன் புருஷன், வங்கியில் கைநாட்டு வைத்த அதே ஆள், பேனா பிடித்து எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய். பேனாவைத் துடுப்பு மாதிரிப் பிடிக்கிறேன் என்று டீச்சர் சொல்கிறாள். பிடித்தால் என்ன, எழுத்து ஓடுகிறதல்லவா! கோவில் பக்கத்து வாசகசாலையில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு அவள் வகுப்பு எடுக்கிறாள். நம் மகள் குவைத்திலிருந்து போனில் பேசுவது எனக்குக் குக்கர் விசிலுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது. லீவுக்கு வந்தபோது என் முகத்துக்கு நேரே நின்று, "எழுத்து படியுங்கப்பா, நான் எழுதி அனுப்புகேன்" என்று கத்தினாள். அப்படித்தான் போனேன். இப்போது அவள் "சாப்பிட்டாச்சா" என்று அனுப்பினால், நானே கூட்டிப் படித்து, "ஆச்சு" என்று பதில் போடுகிறேன். அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன்.

காதுக்குள் அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. சில நாள் சில்வண்டு, சில நாள் தூரத்தில் ஓடும் எஞ்சின். முதன்முதலில் உன்னிடம் சொன்னபோது, நீ முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாய். தலை நிமிராமல் கேட்டாய்: "வள்ளம் கரைக்கு வந்தாச்சு. எஞ்சின ஆஃப் பண்ண மறந்திட்டியளா?"

அன்றைக்குத்தான் நான் உனக்கு அந்தச் சைகையைக் காட்டிக்கொடுத்தேன். கடலில் எஞ்சின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. வள்ளத்தின் முன்னால் நிற்பவன், பின்னால் எஞ்சின் பிடித்திருப்பவனுக்குக் கையால்தான் சொல்வான். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கினால், எஞ்சினை நிறுத்து என்று அர்த்தம். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். நான் காதில் கை வைக்கும்போதெல்லாம், மீன் ஏலக் கூட்டத்துக்குள் இருந்தால்கூட, அங்கிருந்தே கையைக் கவிழ்த்து இறக்குவாய். சத்தம் நின்றதா என்றால், இல்லை. ஆனால் நான் சிரித்துவிடுவேன்.

எத்தனை வைத்தியம் பார்த்தாய்! பூண்டு எண்ணெய், தக்கலைப் பக்கத்து வைத்தியர் தந்த தைலம், கோவிலில் மந்திரித்த எண்ணெய். கடைசியில் நாகர்கோவிலில் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய். அவர் விளக்கடித்துப் பார்க்கும்போதே, "உள்ள வண்டு ஏதும் கெடக்கா டாக்டரே?" என்று கேட்டாய்.

"வண்டும் இல்லை, அழுக்கும் இல்லை. வருஷக்கணக்காக எஞ்சின் பக்கத்தில் இருந்ததில் உள்காது தேய்ந்துபோச்சு. இனிமேல் எண்ணெய் விடாதீங்க" என்றார்.

உனக்குக் கடைசிச் சொல்தான் சுட்டது. "நான் விட்ட எண்ணெயா இப்ப சத்தம் போடுது?"

பிறகு என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எனக்குத்தான் எப்போதும் கேட்கிறதே. அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை. அங்கிருந்த பெண் கதவைத் திறந்து, "தாத்தா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மறுநாள் மீன் கூடையோடு நீ போன தெருவுக்கெல்லாம் அந்தக் கதையும் போயிற்று.

முழுக்க நிறுத்த மருந்து இல்லை என்றார் டாக்டர். மனம் வேறொன்றில் இருந்தால் தணியும், பக்கத்தில் மெல்லிய சத்தம் ஏதாவது இருந்தாலும் நல்லது என்றார். "அதுக்கு நான் இருக்கேனே" என்றாய். மெல்லிய சத்தமாம், நீயாம்! டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்று நீ கத்திப் பேசிப் பேசி, ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "என்னக்கா, விடிஞ்சதும் சண்டையா?"

"சண்டை இல்லட்டி. இன்னும் ரெண்டு புட்டு வேணுமாண்ணு கேட்டேன்."

அப்படிப்பட்ட குரல். நாலு தெருவுக்கு மீன் விற்ற குரல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நூலாக மெலிந்துபோயிற்று. கடைசி நாள் மத்தியானம் நீ என்னமோ சொன்னாய். உதடு அசைந்தது. கொஞ்சம் நன்றாகக் கேட்கும் காதை உன் வாயருகே கொண்டுவந்தேன். எஞ்சின்தான் கேட்டது. "என்னட்டி?" என்றேன். மறுபடியும் சொன்னாய். "என்னட்டி?"

நீ களைத்துப்போனாய். பிறகு கையை எடுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல இறக்கினாய். ஃபேன் காற்று உனக்குக் குளிருகிறது போலும் என்று எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தேன். அடுத்த கட்டில்காரி, "ஏன் ஓய் ஃபேன நிறுத்துதீரு? மனுசன் வெந்து சாவணுமா?" என்று சாடினாள். உனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் என் காதைத் தொட்டாய். திரும்பவும் கையை இறக்கினாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நீ எதுவும் சொல்லவில்லை.

முதலில் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. இந்தச் சத்தம் என்றைக்குமாக நிற்க வேண்டாம், ஏட்டி. அன்று அந்தக் கட்டிலருகே ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால் போதும்.

நீ போன பிறகு வீடு அடங்கிவிட்டது, காதுச் சத்தம் பெரிதாகிவிட்டது. ரேடியோ போட்டுப் பார்த்தேன், ஃபேன் போட்டுப் பார்த்தேன். உன் அதட்டலுக்கு ஈடாகவில்லை. ஆனால் போன மாசம் ஒன்று நடந்தது. வகுப்பில் 'மழை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த 'ழ' இருக்கிறதே, வாயில் எவ்வளவு சுகமாக வரும்! கையில் வராமல் படுத்துகிறது. வாலை எந்தப் பக்கம் வளைப்பது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்து முடித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அதுவரைக்கும் காதில் ஒன்றுமே இல்லை. தெரிந்த உடனே சத்தம் திரும்பி வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னப்பா சிரிக்கீங்க?" என்று டீச்சர் கேட்டாள். சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய்.

அதனால்தான் அன்று வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வெயில் சன்னலைத் தாண்டிப் போய்விடுகிறது. எனக்கு அவசரம் இல்லை. கடல் காற்று வந்து வந்து தாளைத் தூக்குகிறது. பறந்துவிடாமல் இருக்க, இடது கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கி, அதன் மேல் வைத்திருக்கிறேன். வலது கை எழுதுகிறது.