இரும்பில் அடித்த மோட்டார் சாவி

1916 ஆகஸ்டு 7, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. பாளையங்கோட்டைப் புழுதி முழுக்க நான் ஓட்டும் மோட்டார் கார் மேல். துடைத்த இடத்திலேயே மறுபடி. கை வலி.

மதியம் சாப்பிட வீடு. சோறு போட வந்த மகள் மணி அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. சித்திரைக்குப் பிறகு வலிப்பு வரவில்லை, பிள்ளையை விட்டுப் போய்விட்டது என்றே நானும் வீட்டுக்காரி அன்னமும் நினைத்திருந்தோம். அன்னம் வாய்க்காலில் துணி துவைக்கப் போயிருந்தாள். வீட்டுச் சாவிக் கொத்து அவள் இடுப்பில். கையில் கொடுக்க வேறு ஒன்றும் அகப்படவில்லை. சட்டைப் பையில் முதலாளியின் மோட்டார் சாவி. அதைத் திணித்து விரல்களை மூடிப் பிடித்தேன். மூடிய கையோடு என் கையையும் சேர்த்துத் தரையில் அடித்தாள்.

தெளிந்ததும் முதல் கேள்வி, சோறு சிந்திவிட்டதா என்று.

அன்னம் வந்து சாவியைப் பார்த்தாள். "இது பித்தளையில்லா? இரும்புல்லா வைக்கணும். அதான் இம்புட்டு நேரம் இழுத்திருக்கு." ஐந்தாம் வகுப்பு பாஸ் பண்ணியவனுக்கு அது தோன்றவில்லை.

சாவி வளைந்து கிடந்தது. அம்மியில் வைத்துத் தட்டினேன். நிமிர்ந்துவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆக. 8, செவ்வாய்

மெச்சியது தப்பு. போட்டுத் திருப்பியதும் பாதி என் கையில், பாதி மோட்டாருக்குள். முதலாளி (இனி மு. என்றே எழுதலாம், சீமையில் சண்டை வந்ததிலிருந்து மையும் விலை) தலைப்பாகையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாயிற்று. அம்பாசமுத்திரத்தில் பஞ்சு விஷயமாக ஆள் காத்திருக்கிறது. கடைசியில் வில்வண்டியில் ஏறி ரயிலடிக்கு ஓடினார். நான் கும்பிட்டு வழியனுப்பினேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

ஏறுமுன் கேட்டார், எப்படி உடைந்தது? தானாக, என்றேன்.

"தானா உடையதுக்கு அது என்ன அப்பளமாவே?"

உள்ளதைச் சொல்ல முடியாது. ஸ்ரீவைகுண்டத்து வாத்தியார் மாப்பிள்ளை வீட்டில் மணியைப் பார்த்துப் பிடித்துப்போய், கோயிலில் ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க நாள் கேட்டிருக்கிறார்கள். வலிப்பு விஷயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும். மு. காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும்.

சாவி சீமையிலிருந்து வர வேண்டும், கப்பலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது, ஆறு மாதமும் ஆகும் என்று கணக்கப்பிள்ளை கையை விரித்தார். பேட்டைக்குப் போய் அடித்து வாங்கி வரச் சொல்லி உத்தரவு. குறடு போட்டு உள்ளே இருந்த பாதியைப் பிடுங்கினேன். பல்லைப் பிடுங்கியது போல இருந்தது, எனக்கு.

ஆக. 10, வியாழன்

பேட்டை, ஆசாரி பட்டறை. வெயில் போதாதென்று உலை வேறு. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, பித்தளையில் வெட்டித் தருகிறேன் என்றார். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. சாவி எப்படியும் என் பையில்தான் கிடக்கும். இரும்பாக இருந்தால் மோட்டாருக்கும் ஆச்சு, மணிக்கும் ஆச்சு. இரும்பிலேயே அடியுங்கள் என்றேன். உள்ளே இருக்கிறது பித்தளை, இரும்பு அதைத் தேய்த்துவிடும் என்றார். தேய்ந்தால் தேயட்டும், இரும்புதான் வேண்டும் என்று நின்றேன்.

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"வீட்ல யாருக்குவே?"

லாடம் வாங்க வந்த நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒருத்தர், மணிக்குக் கல்யாணம் பேசும் எங்கள் கோயில் உபதேசியாரின் தெருக்காரர்.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

உச்சுக் கொட்டினார்கள். உட்கார முக்காலி கிடைத்தது. மோர் கிடைத்தது. அதையும் குடித்தேன். திரும்பி வரும்போது, மகள் பெயர் வெளியே வராமல் காப்பாற்றிவிட்ட பெருமை. இந்த வாரத்தில் இரண்டாவது பெருமை.

ஆக. 12, சனி

காற்று நிற்கவில்லை. புதுச் சாவி பொருந்தியது. மோட்டார் உறுமியது. மு. கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயம். பேட்டைச் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது.

"எம்புட்டு நாளாவே இது? எம்பிள்ளைகளையும் வச்சுல்லா ஓட்டியிருக்கீரு. ஆத்துப்பாலத்துல வந்திருந்தா?"

நியாயமான கேள்வி. நான் மு. ஆக இருந்தால் நானும் கேட்டிருப்பேன். திங்கள் முதல் பஞ்சுக் கிட்டங்கியில் பொதி எண்ணும் வேலை. தூத்துக்குடியிலிருந்து வேறு டிரைவர் வருகிறானாம். சாவியை மேசையில் வைத்தேன். என்ன நினைத்தாரோ, எடுத்து என் கையிலேயே திணித்தார். மோட்டாருக்குப் பித்தளையில் வேறு அடித்துக்கொள்கிறாராம், இது எனக்கு உதவுமாம். நல்ல மனுஷன். திட்டியிருந்தால் தேவலை.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், மணிக்கு வளையல், செருப்புக்கு ஆணி (இனி நடைதானே).

அன்னத்திடம் சொன்னேன். போனது வேலைதானே, பிள்ளை பேர் தப்பித்ததே என்றாள். சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள். வெகு நேரம் ஊதினாள்.

ஆக. 16, புதன்

பஞ்சு மூக்கில், காதில். நாள் முழுக்கத் தும்மல்.

உபதேசியார் வந்தார். சேதி ஸ்ரீவைகுண்டம் போய்விட்டது. தகப்பனுக்கு இருந்தால் மகளுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. பொய் சொல்ல ஐந்தாம் வகுப்பு போதாது போலிருக்கிறது. சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து மண்டையில் அடி, அதனால் வந்தது, பரம்பரை இல்லை என்றேன். நான் ஏறியதிலேயே உயரமான மரம் முருங்கை.

நம்பினார். முழங்காலிட்டு எனக்காக ஜெபம் பண்ணினார், கண்ணீரோடு. மணி கதவுக்குப் பின்னால் நின்றாள். எனக்கு ஆமென் வாயில் வரவில்லை.

ஆக. 20, ஞாயிறு

கோயிலில் என்னைத் தூண் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். விழுந்தால் தூக்க வசதி.

ஆராதனை முடிந்து உபதேசியார் சொன்னார், மாப்பிள்ளை வீட்டில் சம்மதம். வருகிற ஞாயிறு முதல் ஓலை. அன்னம் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். கருப்பட்டி போட்டுக் காப்பி.

மத்தியானம் மணி அந்த இரும்புச் சாவியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமானால் கொண்டு போ என்றேன்.

"கொண்டு போவேன்ப்பா. அங்கன என் கையில யாரு வைப்பா?"

காப்பியைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள்.

"அவுகளுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. அடுப்புப் பக்கத்துல வந்தா?"

சும்மா கிடடி என்று அன்னம் அதட்டினாள். மணி அழவில்லை, சத்தம் போடவில்லை. அவர்களிடம் உள்ளதைப் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள், அவ்வளவுதான். இத்தனை நாளும் நானும் அன்னமும் அவள் பேருக்குத்தான் காவல் இருந்தோம். காப்பி ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

ஆக. 23, புதன்

நேற்று விடியுமுன் வாடகை வண்டி. ஆற்றோரம் முழுக்க வாழை, ஒன்றும் மனதில் ஏறவில்லை. வெயில் ஏறிய பிறகு ஸ்ரீவைகுண்டம். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மாள் பாய் போட்டு, வேகமாக நடக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள் என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாம் சொன்னேன். வலிப்பு மகளுக்கு. சாவி, பேட்டை, பனைமரம், எல்லாம்.

மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. அம்மாள் மட்டும் கேட்டாள்.

"அப்போ உங்களுக்கு ஒண்ணுமே கிடையாதா? பின்ன எதுக்கு அண்ணாச்சி மோட்டார் வேலைய விட்டீங்க?"

துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று இலை போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது, வெட்கத்தோடு தின்றேன். வண்டி வரை வந்து, ஓலை வேண்டாம் என்று தானே சொல்லி அனுப்புவதாகவும், காரணம் யாரிடமும் வாய் திறக்கப் போவதில்லை என்றும் சொன்னாள். சம்பந்தியாக வாய்த்திருக்க வேண்டிய மனுஷி.

இரவு வழியில் சத்திரம். இன்று மத்தியானம் வீடு. மணி வாசலில்.

"சொல்லியாச்சாப்பா?"

சொல்லியாச்சு.

அன்னம் என் முகத்தைப் பார்த்துவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மணிதான் சோறு போட்டாள். எனக்குப் போட்டுவிட்டுத் தானும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீடு வந்து போனதிலிருந்து கொறித்துக்கொண்டிருந்த பெண், இன்று குழம்பு ஊற்றி இரண்டாம் தடவையும் பிசைந்து சாப்பிட்டாள்.