சிவப்பு மேட்டில் உன் கோட்டு

அம்மா எத்தனை தரம் திட்டியும் நான் 'நீ' என்றே கூப்பிட்ட என் அருமைச் சின்னண்ணாவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது, பேனையை மூடி வைத்துவிட்டேன். இன்றும் அதே கோபத்தோடுதான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு மூடப் போவதில்லை. எங்கள் கட்டடத்துப் பெடியள் போட்டோக்கொப்பி எடுத்து விடுகிற சஞ்சிகைக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதுவதை ஸ்காபரோவில் உள்ள எங்கள் சனம் முழுக்க வாசிக்கட்டும்.

போன சனிக்கிழமை நான் பாலைவனம் பார்க்கப் போனேன். சிரிக்காதே, இங்கேதான். கலிடன் பக்கம், பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். கனடா என்றால் பனியும் பச்சையும்தான் என்று நீ சொல்வாய் அல்லவா? அங்கே புல்லே இல்லாத செங்கல் நிறத்து மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, உழுது போட்டதுபோல் கிடக்கின்றன. இடையிடையே சாம்பல் கலந்த பச்சைக் கோடுகள் ஓடுகின்றன. சுற்றிவர மேப்பிள் மரங்கள், நடுவில் அந்த மொட்டை நிலம். உனக்குப் பிடித்திருக்கும். எனக்கும் பிடித்திருக்கும், வேறு மாதிரிப் போயிருந்தால்.

குளிர் ஜக்கெற் கொடுக்கிற தேவாலயத்திலிருந்து எல்லார் வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்தது. புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டியோடு அரைநாள் சுற்றுலா. தரை கரடுமுரடு, நடக்கக்கூடிய உடல்நலம் தேவை. அடையாள அட்டை கொண்டு வரவும். காலை எட்டு மணிக்குப் பிந்தாமல் வரவும். அவ்வளவுதான் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் கடிதம் கணேசு அண்ணையிடம் போனது.

கணேசு அண்ணை அப்படியேதான் இருக்கிறார். கொழும்புக் கந்தோரில் கிளாக்காக இருந்த மனிதர், இங்கே களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை கட்டடம் முழுக்கக் கடிதத்தோடு அவர் வாசலில் நிற்கும். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கமாட்டார், தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவார். நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொல்வதை ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உது சுற்றுலா இல்லை. உடல்நலம் எண்டு ஏன் போட்டிருக்கிறான்? கார்ட் ஏன் கேக்கிறான்? மலையில ஏத்திப் பாக்கப் போறாங்கள். ஏலாதவனைக் குறிச்சு வைச்சுப்போட்டு, அகதி விசாரணையில பிடிப்பாங்கள்."

"அப்ப போகாமல் விட்டால், அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

"போகாட்டி அதையும் குறிப்பாங்கள்."

நானும் அந்தக் கடிதத்தை வாசித்திருந்தேன். எனக்கு அது சுற்றுலாவாகத்தான் பட்டது. சொல்லவும் செய்தேன். "பிள்ளை, நீ தையல் ஃபக்ரறியில வேலை செய்யிறாய். நான் பதினாறு வரியம் அரசாங்கக் கடிதம் எழுதினனான்" என்றார். அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

சுற்றுலாவுக்கு எங்கள் சனம் எப்படி வந்தது தெரியுமா? ஆம்பிளைகள் கோட்டு, கழுத்துப்பட்டி. பொம்பிளைகள் கலியாணச் சேலை. எல்லார் கையிலும் மண்ணிற உறைக்குள் கேஸ் ஃபைல். மஞ்சள் பஸ்ஸில் இருபத்திரண்டு பேர், ஒரு சத்தமில்லை. சாரதி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். செத்த வீட்டுக்குப் போகிறவர்களை ஏற்றிவிட்டேனோ என்று யோசித்திருப்பான்.

துரை அண்ணை உன் கோட்டைப் போட்டிருந்தார்.

ஐந்தாம் மாடித் துரை அண்ணை, பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் மெட்ராஸில் இருக்கிறார்களே, அவர்தான். உன் விசாரணைக்கென்று பழைய உடுப்புக் கடையில் நீ வாங்கிய அந்த மண்ணிறக் கோட்டு, நீ இருக்கும்போதே கட்டடம் முழுக்கச் சுற்றியது. விசாரணைக்குப் போனவன் எல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டு போனான். ஒன்பது பேர் போட்டார்கள். நீ ஒருநாளும் போடவில்லை. உன் விசாரணைக் கடிதம் நீ போய் மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. கவருக்கு மேல் உன் பெயரை முழுதாக, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள்.

வெள்ளி பின்னேரம் துரை அண்ணை வந்து கேட்டபோதே மூச்சு இழுத்தது. "தொய்வு பிள்ளை, சின்னனில இருந்து கிடக்குது" என்றார். நான் ஒன்றும் கேட்காமல் கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே எங்களை நடத்திக்கொண்டு போக வந்தவள் கெறன். என் வயதுதான் இருக்கும், சேறு பிடித்த சப்பாத்து, கழுத்தில் விசில். எங்கள் கோட்டுகளையும் சேலைகளையும் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் என்னமோ ஆனது. பிறகு சிரித்துக்கொண்டு பெயர்ப் பட்டியலை எடுத்தாள். பட்டியல் பழையது. ஜனவரியில் ஜக்கெற் வாங்கப் பதிந்தவர்களின் பட்டியல். உன் பெயரை வாசித்தாள். தடக்கித் தடக்கி, இரண்டு தரம் வாசித்தாள்.

"வரேல்லை" என்றார் கணேசு அண்ணை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

வரேல்லை! பஸ்ஸைத் தவறவிட்டவனைச் சொல்வதுபோல.

பிறகு கெறன் அந்த நிலத்தைப் பற்றிச் சொன்னாள், நான் மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னேன். அது உண்மையில் பாலைவனம் இல்லையாம். ஒரு காலத்தில் அங்கே காடு இருந்தது. வெட்டிப்போட்டு உழுதார்கள், மாடு மேய்த்தார்கள். மழைக்கு மேல்மண் கரைந்து ஓடியது. கீழே கிடந்த களிப்பாறை வெளியே வந்தது. அதில் இரும்பு இருப்பதால் சிவப்பு, தண்ணீர் ஊறி நிறம் மாறிய இடங்களில் பச்சை. ஒரு மனிதன் பிறந்து கிழவனாவதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டதாம். தேவாலயத்து அம்மா ஒருவர் பக்கத்தில் நின்று, "எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதல் மழைக்கு முதல் கீறல் விழுந்த அன்று அங்கே ஒரு ஆள் நின்றிருப்பான்தானே? கண்டிருப்பான்தானே? ஏன் வாயைத் திறக்கவில்லை? மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோ என்று ஏன் ஒருவனும் சொல்லவில்லை? நிலம் போனபிறகு பஸ் பிடித்து வந்து நிறம் பார்க்கிறோம்.

ஏறத் தொடங்கினோம். பெரிய ஏற்றமில்லை. ஆனால் முதல்நாள் மழைக்குக் களி ஊறிச் சப்பாத்தில் ஒட்டியது. எங்கள் சனம் ஏறிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கெறன் "மெதுவாக, மெதுவாக" என்று விசிலடிக்கிறாள். இவர்கள் கேட்டால்தானே? ஆறாம் மாடி யோகம் அன்ரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஏறினார். "நான் பாஸ், பார்த்தியே!" என்று மேலே நின்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

மேலே போனதும் தேவாலயத்து அம்மா கமெராவை எடுத்தார். அவர்களுடைய செய்தி மடலுக்குப் படம் வேண்டுமாம். எங்களை வரிசையில் நிறுத்தினார். ஃபைல்களை நெஞ்சோடு பிடிக்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார். "எல்லாரும் நன்றியோடு!" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். எதற்கு நன்றி? வேலைப் பத்திரமில்லாமல் ஒரு வரியம் காக்க வைத்ததற்கா? ஒரு துண்டுப் பாணுக்கும் ஒரு ஜக்கெற்றுக்கும் பல்லைக் காட்டச் சொல்கிறார்களே, இவர்களுக்கு வெட்கமில்லையா?

நான் வரிசையின் கடைசியில், கொஞ்சம் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் உன் கோட்டின் முதுகு. அந்த முதுகு குனிந்தது. நிமிர்ந்தது. திரும்பவும் குனிந்தது. துரை அண்ணை இருமலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். காதுமடல் நீலமாகிக்கொண்டு வந்தது.

எனக்கு எங்கள் வீட்டுக் குசினி கண்ணுக்குள் தெரிந்தது. பெப்ரவரியில் பாத்திரம் கழுவுகிற அந்தச் சிங்கைப் பிடித்துக்கொண்டு நீயும் இப்படித்தான் குனிந்தாய். றெஸ்ரோறன்ற் நிலக்கீழ் அறையில் பத்து மணித்தியாலம் கோப்பை கழுவிவிட்டு வந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு இருமினாய். ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் கேட்டபோது என்ன சொன்னாய்? "கணேசு அண்ணை சொன்னவர், ஃபைலில நோய் வருத்தம் எண்டு விழுந்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." நான் கொத்தமல்லி அவித்துத் தந்தேன். நான்கு கிழமை கொத்தமல்லி அவித்தேன். பிறகு அம்புலன்ஸ், பிறகு மூன்று நாள். ஏன் முன்னமே வரவில்லை என்று டொக்ரர் கேட்டார். நியூமோனியாவாம், நேரத்துக்கு வந்திருந்தால் மருந்தோடு போயிருக்குமாம். நான் அந்த மனிதருக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

அந்த மேட்டில் வைத்துத்தான் சொன்னேன். ஆங்கிலத்தில், என்னால் முடிந்த சத்தத்தில். "இவருக்கு வருத்தம். இவரால் மூச்சு விட முடியவில்லை."

கமெரா இறங்கியது. எங்கள் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அவர்கள் எல்லாரையும் காட்டிக் கொடுத்ததுபோல.

"வாயை மூடு பிள்ளை!" என்றார் கணேசு அண்ணை. "அவன்ர கேஸைக் கெடுக்கப் போறியே?"

"எங்கட அண்ணன்ர கேஸை நல்லாக் காப்பாத்தினியள்தானே! அவன் ஏன் வரேல்லை எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்!"

துரை அண்ணையே என் கையைப் பிடித்தார். "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை... உனக்குப் புண்ணியம் கிடைக்கும்... பேசாமல் இரு... மூண்டு பிள்ளையள்..." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். அப்படியே களிமண்ணில் முழங்காலில் இருந்துவிட்டார்.

கெறன் ஓடி வந்தாள். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினாள். "என்ன கேஸ்? யார் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். இது குடிவரவுக்காரர் வைத்த சோதனை, ஏற முடியாதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள் என்றேன். அவள் என்னையும், கோட்டுகளையும், ஃபைல்களையும் பார்த்தாள். "இது வெறும் நடை. பஸ்ஸில் சாண்ட்விச் இருக்கிறது" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. நான் அதைத் தமிழில் சொன்னேன். பிறகு யோகம் அன்ரி மெல்லக் கேட்டார், "அப்ப நான் பாஸ் இல்லையே?" சிலருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

நான்கு பேர் துரை அண்ணையைத் தூக்கி இறக்கினோம். ஒரு பக்கம் கணேசு அண்ணை பிடித்தார். பஸ் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. வாசலில் நின்ற நேர்ஸ் கார்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபைலை நீட்டினேன். வேண்டாமென்று கையை ஆட்டினாள். கேட்டது ஒரே கேள்வி. "எப்போதிலிருந்து இருமல்?"

அவ்வளவுதானா, சின்னண்ணா? இந்த ஒரு கேள்விக்கா நீ நான்கு கிழமை தலையணையைக் கடித்தாய்?

எனக்குக் கணேசு அண்ணைமேல் மட்டும் கோபமில்லை. பதினாலு பக்கப் படிவம் தந்த அரசாங்கம், வருத்தம் வந்தால் டொக்ரரிடம் போ, அதற்காக உன்னை அனுப்பமாட்டோம் என்று எங்களுக்கு விளங்குகிற மொழியில் ஒரு வரி எழுதவில்லை. பயந்த சனம் கேள்வி கேட்காது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உன் முதலாளிக்கு நீ இருமியது கேட்டிருக்கும், ஆனால் கோப்பை கழுவப்பட்டது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். எல்லாரையும் திட்டிவிட்டு என்னை மட்டும் விட முடியாது.

துரை அண்ணைக்கும் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. தொய்வு என்று சொல்லிக்கொண்டு ஐந்து கிழமை காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது தேறி வருகிறார். ஆனால் என்னோடு கதைப்பதில்லை. விசாரணை முடியும்வரை என்னை மன்னிக்கமாட்டாராம். கதைக்காவிட்டால் பரவாயில்லை. நேற்று லிஃப்ற்றில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார். திருப்புவதற்கு ஒரு முகம் இருக்கிறது, அது போதும்.

கணேசு அண்ணை திங்கட்கிழமை வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "இனிக் கடிதம் வந்தால் நீயும் பக்கத்தில இருந்து வாசி, பிள்ளை" என்றார். உன் படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

உன் கோட்டு திரும்பி வந்துவிட்டது. கீழ்ப்பக்கம் முழுக்கச் சிவப்புக் களி. கழுவிப் பார்த்தேன், விளிம்பில் நிறம் போகவில்லை. வருகிற வியாழன் மூன்றாம் மாடிப் பெடியன் ஒருவனுக்கு விசாரணை. கோட்டைக் கேட்டு வந்தான். கொடுக்க முன்பு அவனை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தேன், ஏனென்றால் அவன் படியில் வரும்போதே எனக்கு ஒரு சத்தம் கேட்டது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கோட்டை இனி ஒருவருக்கும் சும்மா கொடுக்கமாட்டேன். கேட்டு வருகிறவன் யாராயிருந்தாலும், எவ்வளவு முறைத்தாலும், உன்னிடம் நான் கேட்காமல் விட்டதை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

"எப்பயிருந்து இருமல்?"

மூன்றாம் மாடிப் பெடியன் முதலில் இல்லையென்றான். பிறகு நிலத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான். நாளைக்குக் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன்னை ஒருநாளும் 'நீங்கள்' என்று கூப்பிடாத,
இனியும் கூப்பிடப் போகாத தங்கச்சி,
மலர்