முப்பது வோல்ட் எங்கே போனது

இன்று அயர்ன் டேபிளில் ஒரு பனியன் கருகிவிட்டது. எங்கள் கம்பெனியில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அந்த வாசனை வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். மண்ணரையில் உன் வீட்டுச் சந்தில் நான் முகர்ந்த அதே வாசனை.

அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் உன்னால் எழுந்து உட்காரக்கூட முடியாத நிலை. உன் வீட்டு இன்வெர்ட்டர் அதை மதியம் வரை இழுக்காது. பின்தெரு நிட்டிங் கம்பெனிக்காரரிடம் போய்க் கேட்டேன். "அதுக்கென்னங்க, நம்ம ஜெனரேட்டர்ல இருந்து ஒயர் இழுத்துக்குங்க" என்றார். அவருடைய ஆட்களே, நீளம் போதாததால் இரண்டு ஒயர்களைச் சந்தில் வைத்து முறுக்கிச் சேர்த்து, தூறல் படுமே என்று அந்த ஜாயின்ட்டின் மேல் பனியன் வேஸ்ட் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரில் எதன் மேல்தான் பனியன் வேஸ்ட்டைச் சுற்றவில்லை?

மெஷின் ஓடியது, ஆனால் அதன் அலாரம் விட்டுவிட்டுக் கத்தியது. நான் கரண்ட் அளக்கும் மீட்டரோடு அங்கும் இங்கும் அலைந்தேன். ஜெனரேட்டரில் இருநூற்று முப்பது வோல்ட், உன் கட்டிலருகே இருநூறு. ஓடும் கரண்ட் ஒன்றரை ஆம்பியர். நீ மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நாம் ஒரே கம்பெனியில் எலெக்ட்ரீஷியன்களாக இருந்த காலம் முழுக்க, கணக்கை நீயும் ஏணியை நானும்தானே பார்த்துக்கொண்டோம்.

"முப்பது வோல்ட்டு வழியில போவுது லே. ஒன்றரையால வகு, இருபது ஓம். நல்ல ஒயர்ல இம்புட்டு ரெசிஸ்டன்ஸ் வராது. ஜாயின்ட்டப் பாரு." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாய். "முப்பதயும் ஒன்றரையயும் பெருக்கு. நாப்பத்தஞ்சு வாட்டு. சூடேறுன சால்டரிங் அயர்னத் துணியில சுத்தி வச்ச மாதிரி. சீக்கிரம் போ."

போனபோது துணி உள்ளுக்குள் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மெஷினை இன்வெர்ட்டருக்கு மாற்றி, ஜெனரேட்டர் பக்கம் ஒயரைக் கழற்றிவிட்டு, ஜாயின்ட்டை வெட்டிச் சுரண்டிப் புதிதாக இறுக்கினேன். வோல்டேஜ் ஏறியது, கத்தலும் நின்றது. "நீயும் எலெக்ட்ரீஷியன்னு வெளிய சொல்லிராத" என்றாய். எனக்கு அன்று ஒரு மடத்தனமான தைரியம் வந்தது. கரண்டைச் சரியாகக் கொடுத்தால் போதும், உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினேன்.

நீ போன அன்று கரண்ட் போகவே இல்லை. உன் மனைவி கூப்பிட்டதும் ஓடி வந்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் மீட்டரை எடுத்தேன். இருநூற்று முப்பது வோல்ட், ஒன்றரை ஆம்பியர். பெருக்கினால் முன்னூற்று நாற்பத்தைந்து வாட், மெஷினின் முதுகில் போட்டிருந்த அளவுதான். ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. சூடாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. இருந்திருந்தால் சரிசெய்திருப்பேன்.

உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, மிசினு நல்லாத்தான ஓடுது. பொறவு ஏன் இவுக மூச்சு விடல?"

நான் மறுபடி வோல்டேஜை அளந்தேன்.

உன் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் காப்பி போட்டுத் தருகிறாள். அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மறுபடி கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும் அந்தக் காப்பியைக் குடித்து முடிக்கிறேன்.