கேமராவைப் பார்த்த அம்மா

செவ்வாய், இரவு.

எனக்குப் பிடித்த இயக்குநர் கேமராவை அசைக்கவே மாட்டார். ஆட்கள் நடந்து தூரமாய்ப் போய் மறையும்வரை காத்திருப்பார். என் குறும்படத்துக்காக இன்று நானும் அப்படியே, நடவு வயலில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாண்டை ஊன்றிப் போனை மாட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். பின்னால் நகர்ந்துகொண்டேதான் நடுவார்கள் என்பது எப்படித்தான் மறந்ததோ! தூரமாய்ப் போக வேண்டிய அம்மா நெருங்கி வந்து இடித்ததில், போன் சேற்றில் விழுந்தது.

"ஐயையோ, புள்ள போனு!" என்று அள்ளியெடுத்து முந்தானையால் துடைத்தாள். "தங்கம், ஒனக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று போனிடமே கேட்டாள்.

எல்லாம் பதிவாகியிருக்கிறது. முதலில் சேறு, பிறகு முந்தானை, பிறகு திரை நிறைய அம்மாவின் முகம்.

நடிப்பவர் கேமராவைப் பார்த்துவிட்டால் அந்த இயக்குநர் காட்சியையே தூக்கிவிடுவாராம். மன்னிச்சுக்குங்க சார், இதை மட்டும் நான் வெட்ட மாட்டேன்.