நான் பார்க்காத கானாங்கோழி

மார்ச் 4, திங்கள்

பதினான்கு பேருக்கும் விசா வந்துவிட்டது. பதினான்காவது ஆள் நான் இல்லை.

போன டிசம்பரில் அண்ணன் தானாகவே வந்து சொன்னதுதான்: "பாப்பா, சதுப்பு நில டூருக்கு இந்தத் தடவ நீயும் வர்ற." எனக்கு நாற்பத்தேழு வயது. இன்னும் பாப்பா. இன்று காலை வந்து சொல்கிறான்: பல் டாக்டரின் மச்சான் கடைசி நேரத்தில் இடம் கேட்டாராம், பழைய வாடிக்கையாம், மறுக்க முடியவில்லையாம். "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றான், என் டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே. அண்ணி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல், "நீயும் போயிட்டா இங்க ஃபோன யாரு எடுக்கறது?" என்றாள்.

பதினெட்டு வருடமாக நான்தான் எடுக்கிறேன். அண்ணனின் டூர் ஆபீஸ்: மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி, இரண்டு அறை, ஒரு மின்விசிறி. உலகத்தின் பனிக்கரடி, கழுகு, கிளி எல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. யாருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, யார் குறட்டை விடுவார், யாரை யாரோடு ஒரே அறையில் போட்டால் கொலை விழும், எல்லாம் எனக்கு மனப்பாடம். திரும்பி வந்ததும் அண்ணன் தன் நோட்டைத் தூக்கிப் போடுவான். நாலு கிறுக்கல் இருக்கும். அதைப் பயணக் கட்டுரையாக்கி அடியில் அவன் பெயரைப் போடுவதும் நான்தான். என் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புதுப்பித்தாயிற்று. ஒரு முத்திரை கிடையாது.

மார்ச் 5

கோபம் போகவில்லை. ஃபோன் எடுத்தேன்.

மார்ச் 27, புதன்

அண்ணன் திரும்பிவிட்டான். மூக்கு உரிந்து, குரல் கட்டி, ஒரே சந்தோஷம். "பாப்பா, சாம்பல் கானாங்கோழி."

அந்தப் பறவையை அறுபது வருடமாக ஒருவரும் பார்க்கவில்லை. அழிந்துபோனது என்று பாதிப் புத்தகங்களில் இருக்கிறது. இவன் பார்த்தானாம். இவன் மட்டும். மற்றவர்கள் பின்னால் வேறு படகில். நோட்டைப் புரட்டினேன்: "6.40. சா.கா.கோழி? நாணலுக்குள்."

"இந்தக் கேள்விக்குறி?"

"அது பேனா தடுக்கினது. எப்படி இருந்துச்சுன்னு நீ எழுதிடு. உனக்குத் தெரியாததா?"

மார்ச் 29

நாள் முழுக்க எழுதினேன். காலின் நிறத்துக்கு அலமாரியிலிருந்த பழைய படப்புத்தகத்தைப் பார்த்தேன். சிவப்பு. நடைக்கு என்ன செய்வது? அண்ணி ஒரு அறைக்குள் நுழைந்து, எதற்கு வந்தோம் என்று மறந்துபோய் நிற்பாளே, அந்த நிற்பை எடுத்துப் பறவைக்குக் கொடுத்தேன். "சிவந்த காலொன்றைத் தூக்கியபடி, வந்த காரியத்தை மறந்துவிட்டதுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு, யாரோ உள்ளேயிருந்து அழைத்ததுபோல் நாணலுக்குள் போனது."

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். இதை எழுதாமல் விட்டால் நாட்குறிப்பு எதற்கு — இந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே நாள் இது.

ஏப்ரல் 23

அந்தப் பக்கத்தை ஒரு பத்திரிகை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. அண்ணனின் புகைப்படத்தோடு. செப்டம்பர் டூருக்கு இடமில்லை, காத்திருப்போர் பட்டியல் வேறு. "சார் எவ்வளவு அழகா எழுதறார்!" என்று இன்று மட்டும் ஏழு ஃபோன். ஆமாம் என்றேன் ஏழு தடவையும்.

மே 18, சனி

நகர மண்டபத்தில் அண்ணன் பேச்சு. கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் எனக்கு இடம்.

நன்றாகத்தான் பேசினான். பிறகு அந்த இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டான். "கால் நல்ல சிவப்பு. ஒரு காலத் தூக்கிச்சு. எதுக்கு வந்தோம்னு மறந்த மாதிரி அப்படியே நின்னுச்சு. இப்பவும் கண்ணுக்குள்ள இருக்கு." கைதட்டல். முன்வரிசையில் அண்ணியும் கை தட்டினாள், தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமல்.



மே 20

கேட்டே விட்டேன். அண்ணி இல்லாத நேரம்.

"நீ நிஜமாவே பாத்தியா?"

"பாத்தேன்னுதானே சொல்றேன்."

"கால் தூக்கினத?"

"தூக்கிச்சு."

"அத நான்தான் எழுதினேன், அண்ணா. கற்பனையா."

"நீ கற்பனையா எழுதினது சரியா இருந்திருக்கு. அவ்வளவுதான்" என்றான். அப்புறம் எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நகர்த்தினான்.

ஜூன் 11, செவ்வாய்

பறவைப் பதிவுக் குழுவிலிருந்து கடிதம். இவ்வளவு பெரிய செய்தியைப் பதிவில் ஏற்ற, பார்த்த அன்றே எழுதிய குறிப்பின் அசல் பக்கம் வேண்டுமாம்.

அசல் பக்கத்தில் ஒன்றரை வரியும் ஒரு கேள்விக்குறியும்.

அண்ணன் கதவைச் சாத்தினான். "என் கையெழுத்து உனக்கு என்னவிட நல்லா வரும். அதே நோட்டு இன்னொண்ணு இருக்கு. ஒரு பக்கம்தான், பாப்பா." ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தான். "செப்டம்பர்ல நீ வர்ற. டிக்கெட் இன்னிக்கே போட்டுடறேன். உன் பேர்ல. நீயே போடு வேணும்னா."

நானே போட்டேன். டிக்கெட்டை.

ஜூன் 13

பக்கத்தையும் எழுதினேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பழைய பேனா, சாய்ந்த எழுத்து, ஓரத்தில் சிவந்த காலோடு ஒரு கிறுக்குப் படம். சேற்றுக்கறை ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஜன்னலில் இருக்கிற பூந்தொட்டியிலிருந்து கொஞ்சம் மண் எடுத்து ஈரமாக்கித் தேய்த்தேன். அதை அவன் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

செப்டம்பர் 9

ஜன்னல் சீட் கேட்டு வாங்கினேன். நாலு மணி நேரமும் இறக்கைதான் தெரிந்தது.

செப்டம்பர் 11, புதன்

சதுப்பு நிலம் நான் பதினோரு தடவை வர்ணித்த இடம். "வெள்ளித் தகடு" என்று எழுதியிருக்கிறேன். அழுகின முட்டை வாடை அடிக்கிறது. கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினதில்லை — அண்ணன் சொன்னதும் இல்லை. இருந்தாலும் காலையில் ஆயிரக்கணக்கில் வாத்துகள் ஒரே நேரத்தில் எழும்பியபோது எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். பதினெட்டு வருடம் இதை எனக்குக் காட்டாமல் வைத்திருந்தானே, பாவி.

குழுவில் யாரும் வாத்துகளைப் பார்க்கவில்லை. பதிமூன்று பேரும் நாணலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அறைத்துணை, ஓய்வுபெற்ற தபால்காரம்மா. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக நடந்தவர். இரண்டு முழங்காலும் போய்விட்டது. போன மாதம் ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்களாம். செய்தால் ஒரு வருடம் இப்படி நடக்க முடியாது என்றதும் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பத்திரிகையில் வந்த அந்தப் பக்கத்தை வரி பிசகாமல் சொன்னார். "யாரோ உள்ளேயிருந்து அழைத்ததுபோல்... என்னமா எழுதியிருக்காரு உங்கண்ணன். அவர் கூடப் பொறந்தவளுக்கு அதுல ஒரு துளியாவது வருமா கண்ணு?"

"எனக்கு வராதும்மா" என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

மூன்று காலையாக அதே இடம். முழங்கால் வரை தண்ணீர். அண்ணன் எல்லோருக்கும் முன்னால் நின்று, "இங்கதான். சரியா இங்கதான்" என்று கை காட்டுகிறான். தபால்காரம்மா ஒரு கழியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். உட்காரச் சொன்னால், "நான் உக்கார்ற நேரத்துல அது வந்துட்டா?" என்கிறார்.

பகலில் படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயதிருக்கும், இங்கேயே பிறந்த தமிழர். கானாங்கோழியின் சிவந்த காலைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.

"சிவப்பா? எங்கப்பா அதப் புடிச்சுச் சமைச்சுக் குடுத்திருக்காரு. நானே சின்ன வயசுல தின்னிருக்கேன். காலு பச்சையா இருக்கும்மா. வாழக்குருத்துப் பச்ச. செத்துக் காய்ஞ்சாத்தான் செவக்கும்."

படப்புத்தகத்துக்காரன் செத்த பறவையைப் பார்த்து வரைந்திருக்கிறான். நான் அதைப் பார்த்து எழுதினேன். அண்ணன் நான் எழுதியதைப் பார்த்துப் பேசினான். பதிமூன்று பேர் தண்ணீரில் நிற்கிறார்கள். ஒரு பிணத்தை நடக்கவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14

சொல்லணும். சொல்லணும்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தா, இல்ல டூர் இன்னும் நாலு நாள் பாக்கி இருக்குன்னா? நாளைக்கு மலைப்பக்கம் கூட்டிப் போறாங்க. அத நான் பாக்கணும். இதுதான் உண்மை. எழுதிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தபால்காரம்மா விழுந்துவிட்டார்.

மலைக்கு வரவில்லை என்று அவர் சதுப்பிலேயே நின்றுகொண்டார், படகுக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. நாணலுக்குள் ஏதோ அசைந்ததாம், ரெண்டு எட்டு முன்னால் வைத்திருக்கிறார். இடுப்பெலும்பு. நாங்கள் மலையில் கழுகு பார்த்துக்கொண்டிருந்தபோது.

நேத்தே சொல்லியிருந்தா அந்தம்மா மலைக்கு வந்திருக்கும். நேத்தே.

செப்டம்பர் 19

குழு ஊர் திரும்பிவிட்டது. நான் இருந்துகொண்டேன். அண்ணன், "நல்லதாப் போச்சு, நீ பாத்துக்கோ" என்றான். ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவருடைய மகள் நாளை வருகிறாள். அதனால் இன்றே சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கஞ்சி கொடுத்து முடித்ததும் அவரே ஆரம்பித்தார். "நான் பாத்தது அதுவாத்தான் இருக்கும். இல்லையா கண்ணு?"

சொன்னேன். படப்புத்தகம், அண்ணியின் நிற்பு, பூந்தொட்டி மண், எல்லாம். வேகமாகச் சொன்னேன், ரசீது படிக்கிற மாதிரி. வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"எல்லாம் நீ எழுதினதா?"

"ஆமாம்மா."

"உள்ளேருந்து யாரோ கூப்பிட்ட மாதிரின்றது?"

"அதுவும்."

"நல்லாத்தான் எழுதியிருந்தே." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தத் திரைய இழுத்துவிட்டுட்டுப் போ. எம்பொண்ணு வர்றப்ப நீ இங்க இருக்க வேணாம்."

செப்டம்பர் 24

பதிவுக் குழுவுக்கு எழுதிவிட்டேன். அந்தக் குறிப்பு அசல் அல்ல, வர்ணனை என்னுடையது, அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன் என்று. பச்சைக்கால் விஷயத்தையும் சேர்த்தேன். கீழே என் பெயர். என் பெயரில் நான் எழுதிய முதல் பக்கம்.

உண்மையைச் சொல்லத்தான் எழுதினேனா, இல்லை, அந்த வரிகளை எழுதியவள் நான் என்று எங்கேயாவது பதிவாகட்டும் என்றா? இரண்டு நாளாகக் கேட்டுக்கொள்கிறேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

செய்தி வெளியே வந்துவிட்டது. அண்ணன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். என் மேசைக்கு எதிரே, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் ஏதோ ஒண்ணப் பாத்தேன் பாப்பா. சத்தியமா. சாம்பல் நிறம். ரெண்டே செகண்ட். அது என்னன்னு இப்ப எனக்கே தெரியல. நீ எழுதினதப் படிச்சுப் படிச்சு, இப்ப நெனச்சாலும் அதுதான் வருது. நான் பாத்தது போயிடுச்சு."

நம்புகிறேன். அதுதான் கொடுமை.

அண்ணி ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டாள். "பதினெட்டு வருஷம் ஒழுங்காத்தானே இருந்தே. உன்ன ஒரு டூர் அனுப்பினது தப்பாப் போச்சு" என்றாள்.

நவம்பர் 2

தபால்காரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். மகள் எடுத்தாள். தூங்குகிறார் என்றாள். பின்னால் அவர் குரல் கேட்டது, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி.

நவம்பர் 16

மறுபடியும் செய்தேன். மறுபடியும் தூங்குகிறார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கண் மருத்துவமனை வரவேற்பில் இது மூன்றாவது மாதம். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது, சொட்டுமருந்து விட்டவர்களை வரிசையாக உட்காரவைப்பது. யாரும் எங்கேயும் புறப்படுவதில்லை. அது ஒரு நிம்மதி.

இன்று நாற்பத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டேன். எழுந்து வந்தது அண்ணன். இளைத்திருக்கிறான். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. உன்னப் பாக்க விட மாட்டேங்கறாங்க, டோக்கன் எடுக்கணுமாம்." பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தான். மாடி அறைகளை விட்டுவிட்டார்களாம். இப்போது வீட்டிலிருந்துதான். போன வாரம் அஞ்சு பேரோடு பக்கத்து அணைக்கட்டுக்கு ஒரு சின்ன நடை. "நானே எழுதினேன். ஒரு தடவ பாத்துக் குடு."

நின்றபடியே படித்தேன். கோணல் எழுத்து, முதல் பத்தியிலேயே ஆறு பிழை. "காலை முதல் மழை. கொக்கு நான்கு. நீர்க்காகம் ஒன்று. வேறெதுவும் பார்க்கவில்லை. எல்லோரும் நனைந்துவிட்டோம்."

திருப்பிக் கொடுத்தேன்.

"திருத்தலியா?"

"இல்ல. இப்படியே போடு."

அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகும் நின்றுகொண்டிருந்தான், இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. நான் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டேன்.