தரம் பிரிக்கும் அறையின் ஆணியடித்த ஜன்னல்கள்

அனுப்புநர்:
வே. சந்திரமதி,
ரப்பர் ஷீட் தரம் பிரிப்பவர்,
காஜா பெராங், மலாக்கா.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் இலாகா, மலாக்கா.

பொருள்: செங் ரப்பர் ஆலையில் நாங்கள் வேலை செய்யும் அறைக்குள் புகும் புகையை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. செங்கில் உள்ள ரப்பர் ஆலையில், புகைக்கூடத்தை ஒட்டிய அறையில் பெண்கள் நாங்கள் வேலை செய்கிறோம். புகையில் காய்ந்த ஷீட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அழுக்குப் புள்ளிகளைக் கத்தரித்துத் தரம் பிரிக்க வேண்டும். ஷீட்டின் வழியே பார்த்தால் வெளியே நிற்கும் தென்னைகளும் வானமும் தேன் நிறத்தில் மிதக்கும். பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம். ஆனால் திருட்டுக்குப் பயந்து முந்தைய வெள்ளைக்காரத் துரை அந்த ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி ஆணியடித்துவிட்டார். புகைக்கூடத்துச் சுவர் வெடித்திருப்பதால் புகை உள்ளே வந்து அங்கேயே தங்குகிறது.

2. மெர்டேக்கா என்னும் சுதந்திரத்துக்குப் பின் துரை கப்பலேறினார், திரு. சேதுராமன் மானேஜராக வந்தார். அவர் நல்லவர் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். துரைக்கு நாங்கள் வெறும் எண்கள். இவருக்கு எங்கள் பெயரும் தெரியும், பிள்ளைகளின் பெயரும் தெரியும். ரேடியோ வைத்தார். புதன்கிழமைதோறும் எங்களை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, குறைகளைக் கேட்கிறார். வெளிநாட்டு ஆலை ஒன்றில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியபோதும் வேலை கூடியதாம், குறைத்தபோதும் கூடியதாம். நம்மை ஒருவர் கவனிக்கிறார் என்ற மகிழ்ச்சிதான் காரணம் என்று புத்தகத்தில் படித்ததாக அவரே சொன்னார். உண்மைதான் ஐயா. எங்களிடையே சண்டை குறைந்தது, வேலை கூடியது. புதன்கிழமை என்றால் நான் தலையில் பூ வைத்துக்கொண்டு போகிறேன்.

3. புகையைப் பற்றி முதல் கூட்டத்திலேயே சொன்னோம். தம் தேநீரை ஆறவிட்டுக் கேட்டார். என் பக்கத்தில் வேலை செய்யும் மீனாச்சி இருமி முடிக்கும்வரை காத்திருந்தார். அவர் கண் கலங்கியது. வெளியே வந்தபோது ஜன்னல்களையே திறந்துவிட்டதுபோல் நெஞ்சு லேசாக இருந்தது. அன்று ரேடியோவில் பாட்டு ஓட, புகைகூட வாசனையாகத் தெரிந்தது. அடுத்த புதனும் சொன்னோம், அதற்கடுத்த புதனும் சொன்னோம். சொல்லிவிட்ட நிம்மதியில், ஒன்றும் நடக்கவில்லை என்பதை நாங்களே மறந்துபோனோம். இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

4. போன மாதம் மீனாச்சியால் ஷீட்டைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்தாள். மானேஜர் தம் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆரஞ்சுப் பழமும் வாங்கித் தந்தார். இனிப் புகைபடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியும், "அவரு இவ்வளவு நல்லா பாத்துக்கிறாரு, எப்படிக்கா வராம இருக்கிறது?" என்று அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்து நின்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது. துரை காலமாக இருந்தால் வேலைநிறுத்தமாவது செய்திருப்போம். இவர் முகத்தைப் பார்த்துக் கோபப்பட எங்களுக்கு வரவில்லை.

5. ஆகவே ஆணிகளைப் பிடுங்கவும், வெடித்த சுவரைப் பூசவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். மானேஜர் மீது நடவடிக்கை வேண்டாம். புதன்கிழமைத் தேநீரையும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. விசாரணைக்கென்று என்னைத் தங்கள் அலுவலகத்திற்கு அழைக்க வேண்டாம். தாங்களும் அன்பாகக் கேட்டுவிட்டால், நான் மனம் நிறைந்து வீட்டுக்குப் போய்விடுவேன். புகைக்கூடத்தில் அடுப்பு எரியும் நேரத்தில் தாங்களே வந்து, மீனாச்சியின் பக்கத்தில் நின்று, ஒரு ஷீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். வானம் மிக அழகாகத் தெரியும். அதன்பின் ஒரே ஒரு முறை மூச்சை உள்ளே இழுங்கள்.

இடம்: காஜா பெராங், மலாக்கா
நாள்: 14.9.1959

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
வே. சந்திரமதி